அம்மா கேட்ட எஞ்சின்

கருகிய எண்ணெயும் துரு கலந்த கொதிநீரும் இளகிய ரப்பரும் ஒன்றாகக் கலந்தால் ஒரு வாசம் வரும். ஒருமுறை முகர்ந்தவர்கள் அதை மறப்பதில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு ஐப்பசி மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அந்த வாசந்தான் அடித்தது. அப்பாவின் சட்டையில், அதை அம்மா அடித்துத் துவைத்த கல்லில், அவர் தலைவைத்துப் படுத்த தலையணையில்கூட. எங்கள் கார் செத்துப்போய்விட்டது என்பதை யாரும் சொல்வதற்கு முன்பே அந்த வாசத்தைக் கொண்டுதான் நான் தெரிந்துகொண்டேன்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டைத் தாண்டி மலையேறும் பாதையில், சில கடைகள் மட்டுமே இருந்த ஒரு சின்ன டவுனில் நாங்கள் குடியிருந்தோம். வீடு என்றால் ஒரு தையல்கடையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு அறைகள். அப்பா ஆரோக்கியம் மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்தவர். பல வருடங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டிவிட்டு, ஓய்வுபெற்றுப் போன ஒரு கிளாக்கரிடம் அந்தப் பழைய சாம்பல் நிறக் காரை வாங்கி, வாடகைக்கு ஓட்டத் தொடங்கியவர். 'ஹயர் போறது' என்பார்கள் அதை. லயத்து ஒற்றையறைக் காம்பராவிலிருந்து எங்களைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தது அந்தக் கார்தான். அம்மா செசிலி மட்டும் தோட்டத்து வேலையை விடவில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் 'பிள்ளைக் காம்பரா'வில் அவள் ஆயா. அந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் பிறந்தது, எதற்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எவளுக்கு அடுத்தது எப்போது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

காருக்கு இரண்டு குணங்கள் இருந்தன. குளிர்காலக் காலைகளில் முன்பக்கத் துவாரத்தில் 'ஹேண்டில்' என்ற இரும்புக் கம்பியைச் செருகி, மூச்சுப் பிடித்துச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். இரண்டாவது, ஏற்றத்தில் கொதிக்கும். மலையில் வழியும் ஊற்றுநீரைக் குழாய் வைத்துப் பாதையோரம் விழச்செய்திருக்கும் இடங்களைப் 'பீலி' என்போம். எந்தப் பாதையில் எத்தனை பீலி இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, பழந்துணியால் மூடியைத் திறந்து, ஆவி அடங்கும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றுவார். பயணிகள் முணுமுணுத்தால், "மனுசனுக்கே கோவம் வந்தா கொதிக்குது, வாகனத்துக்குக் கொதிக்கக் கூடாதா?" என்பார்.

கல்யாணம், பிள்ளைகளின் புதுநன்மைப் பூசை, சாவு என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கார் போகும். ஆனால் அதிகம் போனது டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான். தோட்டத்து லொறி கொழுந்தோடு எங்காவது நிற்கும் நேரத்தில் யாருக்காவது வலி எடுத்தால், ஓர் ஆள் குறுக்குப்பாதையில் ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டுவார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கோப்பையை அப்படியே விட்டு எழுந்துவிடுவார். அவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு மழைநாளில் தோட்டத்து மேல் டிவிஷன் சரோஜாவுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். பிற்பகல், அம்மா பிள்ளைக் காம்பராவிலிருந்து அப்படியே வந்து, பின்சீற்றில் சரோஜாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறியிருந்தாள். நடந்ததெல்லாம் அம்மா பிறகு சொல்லி எனக்குத் தெரிந்தவை. நோர்வூட்டைக் கடந்து டிக்கோயாவை நோக்கிப் போகையில் ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய் வெடித்தது. இருந்த தண்ணீரெல்லாம் ஆவியாகக் கண்ணாடியை மறைத்தது. அப்பா இறங்கி, பொனட்டைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்யாமல் மூடினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ அந்தப் புள்ளயப் பாரு."

தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் என்னவாகும் என்று லொறி ஓட்டிய மனிதருக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஓட்டினார். கொஞ்சத் தூரத்தில் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அது அரைக்கும் சத்தமாயிற்று. ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கார் ஓர் இழுப்பு இழுத்து நின்றுவிட்டது. பஸ்ஸுக்காக நின்ற சனங்கள் குடைகளை மடக்கிவிட்டு ஓடிவந்து, காரைத் தள்ளி வாசலுக்குள் விட்டார்கள். அன்றே சரோஜாவுக்கு ஆப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கார் பிழைக்குமா என்பதுதான் எங்கள் வீட்டின் கேள்வியாயிற்று.

தோட்டத்து லொறி அதைக் கட்டி இழுத்துவந்து, நோர்வூட்டில் இருந்த திலக் பாஸின் கராஜில் விட்டது. திலக் பாஸ் சிங்களவர்; கைத்தொழில் மேஸ்திரியைச் சிங்களத்தில் 'பாஸ்' என்பார்கள். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழையே பேசுவார், ஆனால் ஐயாவை 'மாத்தயா' என்றும் அம்மாவை 'நோனா' என்றும்தான் கூப்பிடுவார். எஞ்சின் இறுகிவிட்டது என்று பார்த்த உடனேயே சொன்ன அவர், அதற்குமேல் எதையும் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. அப்பாவோ சின்ன வேலையிலேயே முடிந்துவிடும் என்று நம்பினார், அல்லது நம்புவதாக எங்களிடம் காட்டிக்கொண்டார். மேல்மூடியான 'ஹெட்'டைச் சமமாகச் சீவி, புதுக் கேஸ்கட் வைத்து, பிஸ்டன்களுக்கு ரிங் மாற்றிவிட்டால் டிசம்பரில் நத்தாருக்கு முன்னால் ஓடிவிடும் என்றார்.

"அப்பிடிச் செஞ்சா தை மாசம் திரும்பி என்கிட்டயே வருவீங்க, ஆரோக்கியம் மாத்தயா" என்றார் பாஸ். "செய்யிறதுன்னா முழுசாச் செய்யணும். கண்டிக்கு அனுப்பி துளையெல்லாம் கடைஞ்சு, புது பிஸ்டன் போடணும். ஆனா அதுக்கும் முன்னாடி புளொக் வெடிச்சிருக்கான்னு பாக்கணும். அடிப்பாகம் வெடிச்சிருந்தா சின்ன வேலையும் இல்ல, பெரிய வேலையும் இல்ல. 'பலமு', பாப்போம்."

இதற்கிடையில் வத்தளையிலிருந்து சேவியர் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி, கொழும்புப் பக்கம் ஒரு கம்பெனியில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தார், எதையும் முடிவான குரலில் பேசுவார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "செத்த மாட்டுக்கு லாடம் அடிக்காதீங்க மச்சான்" என்றார். "ஓட்டித்தான் ஆகணும்னா கொழும்பு பஞ்சிகாவத்தையில ஜப்பான் இஞ்சின் கெடைக்குது, ரீகண்டிஷன். அதத் தூக்கி வைங்க. என்னக் கேட்டா அதுவும் வேணாம். இத எடைக்குப் போட்டுட்டுக் குடும்பத்தோட வத்தளைக்கு வந்துருங்க. எங்க எடத்துல லொறிக்கு டைவர் தேடுறாங்க. இந்தப் புள்ளயும் நல்ல ஸ்கூல்ல படிக்கும்."

'இந்தப் புள்ள' நான். எனக்கு வத்தளைக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. மாமா வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் கடல் என்று சொல்லியிருந்தார். ஆனால் அப்பா காரில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் ஊர் நடந்துகொண்ட விதம் என் ஆசையைக் குழப்பியது. தோட்டத்திலிருந்து யார் டவுனுக்கு இறங்கினாலும் துக்கம் விசாரிப்பதுபோல எங்கள் வாசலுக்கு வந்து, "வண்டி எப்பிடிண்ணே இருக்கு?" என்று கேட்டார்கள். ஒருவர் பூசணிக்காய் கொண்டுவந்தார், இன்னொருவர் போஞ்சி கொண்டுவந்தார். சரோஜாவின் மாமியார் ஒரு பலாக்காயைத் தலையில் சுமந்துவந்து இறக்கிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அப்பா எல்லோரிடமும் "ஓடிரும், ஓடிரும்" என்றே சொன்னார். ஆட்கள் போனபின் உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். காரை நினைத்து ஏங்குகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எஞ்சினைப் பிரித்துச் சோதிப்பதாக பாஸ் சொன்ன சனிக்கிழமை நாங்கள் எல்லோருமே கராஜுக்குப் போனோம். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த காலை. தகரக் கொட்டகையின் நடுவில் ஒரு பலகைமேல் எங்கள் எஞ்சினைத் துண்டு துண்டாக வைத்திருந்தார்கள். காரின் வயிற்றுக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு ஆச்சரியம். அம்மாவோ கோயிலில் நிற்பதுபோல முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பாஸ் இரும்பின்மேல் மண்ணெண்ணெயைத் தடவி, ஊற விட்டு, துணியால் துடைத்தார். பிறகு எங்கள் தையல்கடைக்காரரிடம் வாங்கிவந்த துணியில் கோடுபோடும் சுண்ணக்கட்டியைப் பொடித்து அதன்மேல் பூசினார். இரும்பில் வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாகத் தெரியும். காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் மேல்மூடியில் கோடு விழுந்தது. ஒரு தலைமயிர் ஒட்டியிருப்பதுபோல மெல்லிசாக. "இது போச்சு" என்றார் பாஸ். "இது பரவாயில்ல, வேற தேடலாம்." பிறகு எல்லோரும் அடிப்பாகத்தைப் பார்த்தோம். மாமாகூடக் குனிந்து பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பாஸ் அதைத் திருப்பி வைத்து மறுபக்கமும் பூசிப் பார்த்தார். அதுவும் வெள்ளை.

"ஹொந்தாய்!" என்று எஞ்சினைத் தட்டினார் பாஸ். "நல்லா இருக்கு மாத்தயா. முழுசாச் செஞ்சா இன்னும் பல வருசம் ஓடும்."

"மாதாவே" என்று அம்மா சிரித்துக்கொண்டே அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பா ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வெடிச்சிருக்கணும்னு வேண்டிக்கிட்டேன், செசிலி" என்றார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முந்திய வருடம் கீழ் டிவிஷனிலிருந்து பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுபோயிருந்தார். அவள் ஆஸ்பத்திரியில் இறந்ததாகத்தான் ஊரெல்லாம் பேச்சு. "ஆஸ்பத்திரியில இல்ல. கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். பாலத்துக்கிட்ட அந்தப் புள்ள கண்ணு அப்பிடியே நின்னுருச்சு. பக்கத்துல இருந்த அவ அம்மாவுக்கு அது தெரியல. நான் ஆஸ்பத்திரி வரைக்கும் 'இந்தா வந்தாச்சு, இந்தா வந்தாச்சு'ன்னு சொல்லிக்கிட்டே போனேன்." டயரின் ஓரத்தைத் தடவினார். "அன்னைக்கு சரோஜாவ வச்சுக்கிட்டு குழாய் வெடிச்சப்போ, இஞ்சின் செத்தா சாகட்டும்னுதான் மிதிச்சேன். இப்ப யாராவது கதவத் தட்டுனா எந்திரிக்கவே மனசு வரல. வண்டி சரியாயிருச்சுன்னா நான் மறுபடி போகணுமே."

அப்பா பயப்படுவார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மாமாவின் குரல்கூட இறங்கிவிட்டது. "அப்ப வத்தளைக்கே வந்துருங்க மச்சான். லொறியில சாமான்தான். சாமான் சாகாது" என்றார். அப்பா தலையை ஆட்டினார். முடிவு அங்கேயே ஆகிவிட்டதுபோல இருந்தது.

அம்மா அப்பாவின் தோளில் கை வைத்தாள். பிறகு பாஸிடம், "இத முழுசாச் செஞ்சாலும் ஏத்தத்துல கொதிக்குமா?" என்று கேட்டாள்.

"கொதிக்கும். அது புதுசா இருந்தப்பவே கொதிச்சிருக்கும், நோனா."

"காலையில ஹேண்டில் சுத்தணுமா?"

"சில நாளைக்குச் சுத்தணும்."

"தம்பி சொல்ற ஜப்பான் இஞ்சினு?"

பாஸ் சிரித்தார். "அதுக்கு ஹேண்டில் போட ஓட்டையே கெடையாது. சாவியத் திருப்புனா போதும்."

"அப்ப அதையே வச்சிருங்க" என்றாள் அம்மா.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "வச்சி? யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

மாமா பெரிதாகச் சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அப்பா மட்டும், "ஒனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே" என்றார்.

"சைக்கிள்ல பிள்ளத்தாச்சிய ஏத்த முடியாதே" என்றாள் அம்மா. "நாம வத்தளைக்குப் போயிருவோம். வலி எடுத்தவ எங்க போவா? பீலிக்குப் பீலி நிறுத்தித் தண்ணி புடிச்சுக்கிட்டு என்னால போக முடியாது, அதுனாலதான் கேக்குறேன். ஹேண்டில் சுத்தி என் கை ஒடஞ்சா காம்பரா புள்ளைங்கள யாரு தூக்குறது? நீங்க இனிமே போக வேணாங்க. எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க, போதும்."

இப்படித்தான் அந்த விவகாரம் தீர்ந்தது. திருத்துவதா, கடைந்து புதுப்பிப்பதா, மாற்றுவதா என்று மூன்று ஆண்கள் வாரக்கணக்கில் பேசிய பேச்சில், ஓட்டப்போவது யார் என்ற கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப்போன ஒரு லொறி திரும்பும்போது, சாக்குப் போர்த்திய அந்த ஜப்பான் எஞ்சினைக் கொண்டுவந்தது. அதை உட்காரவைக்க பாஸ் தாங்கிகளை வெட்டி ஒட்டினார். பெரிய ரேடியேட்டர் ஒன்றைத் தேடிப் பொருத்தினார். எல்லாம் முடிந்தபின் பொனட் மூட மறுத்தது. அதைச் சுத்தியலால் தட்டி ஒரு திமில் எடுத்துக்கொடுத்தார். அதன்பின் எங்கள் கார் சளி பிடித்த மாட்டைப்போல ஒரு குரலில் உறுமியது. பழைய எஞ்சினை மஸ்கெலியாவில் அதே ஜாதிக் கார் வைத்திருந்த ஒருவர் வாங்கிப்போய், கண்டிக்கு அனுப்பிக் கடைந்து தன் காரில் வைத்துக்கொண்டார். எப்போதாவது அந்தக் கார் எங்கள் டவுன் வழியாகப் போகும். அப்போது அப்பா யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் வளைவில் மறையும்வரை தலையைச் சாய்த்துக் கேட்பார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தொழிற்சாலைக்குப் பக்கத்து மைதானத்தில் அம்மாவுக்குப் பாடம் நடக்கும். முதுகுக்கு ஒரு தலையணை, உட்கார இன்னொன்று. லயத்துப் பிள்ளைகளும் நானும் கல்வேலியில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். "கிளச்ச மெதுவா விடு... மெதுவா... அது என்ன, தொட்டில் கயிறா, வெடுக்குனு விடுறியே!" என்று அப்பா கத்துவார். "தொட்டில் கயிற யாருங்க வெடுக்குனு விடுவா?" என்று அம்மா திருப்பிக் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவளுக்குக் கிளச் பிடிபட்டுவிட்டது என்று அப்பா சொல்வார். பாதைக்கு இறங்கிய புதிதில் வளைவுக்கு வளைவு அவள் ஹோர்ன் அடித்து நின்று நின்று போனதைப் பார்த்த தையல்கடைக்காரர், "செசிலி அக்கா ரோட்டத் தச்சுக்கிட்டே போறாங்க" என்றார். லைசன்ஸ் சோதனையில் முதல்முறை பின்னோக்கி எடுக்கும்போது கோட்டைவிட்டாள். இரண்டாம் முறை கிடைத்தது. சேவியர் மாமா அடுத்தமுறை வந்தபோது, பெடலில் வழுக்காத தட்டை அடியுள்ள ஒரு சோடிச் சப்பாத்தை அம்மாவின் முன்னால் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினார்.

முதலில் ஆட்கள் தயங்கத்தான் செய்தார்கள். "பொம்பள ஓட்டுற வண்டியில ஏறுறதா?" என்று கேட்ட ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், நெஞ்சுவலி வந்த நாளில் ஏறவேண்டியதாயிற்று, வழியெல்லாம் கண்ணை மூடியபடி வந்து, ஆஸ்பத்திரி வாசலில் திறந்து, "வந்துட்டமா?" என்றாராம். பெண்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. வலியோடு காரில் ஏற்றப்பட்ட முதல் பெண் முன்சீற்றில் இருந்தது யாரென்று பார்த்ததும், "செசிலியக்கா, நீங்களா" என்று சொல்லி அழுதுவிட்டாள். அன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போனார். அடுத்தமுறை போகவில்லை. பாதையோரம் நின்று, கார் திரும்பிவரும் உறுமல் கேட்கும்வரை வீட்டுக்குள் வரவேயில்லை. பிறகு அதுவும் பழகிப்போயிற்று. காலையில் எண்ணெயும் தண்ணீரும் பார்ப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, ரப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நேரத்தில் தையல்கடை ஓரத்தில் ஒரு மேசை போட்டு மண்ணெண்ணெய் அடுப்புகளைத் திருத்தினார். யாராவது கதவைத் தட்டினால் அவரே எழுந்து திறந்தார்.

நாங்கள் வத்தளைக்குக் குடிபோகவில்லை. விடுமுறையில் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா போய்ச் சில வருடங்களாகின்றன. கண்ணில் பூ விழத் தொடங்கியதும் அம்மாவாகவே காரை விற்றுவிட்டாள். இப்போது அந்தச் சின்ன டவுனில் ஓட்டோக்கள் வரிசையாக நிற்கின்றன. தொலைபேசியில் அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. பாதையை அகலமாக்கித் தார்க் காப்பெட் போட்டபோது பீலிகளில் பாதி மண்ணுக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பவற்றில் வண்டி கழுவுகிறார்கள். தையல்கடை இருந்த இடத்தில் தொலைபேசி விற்கிறார்கள். மேல் டிவிஷன் லயங்களில் சில ஆளில்லாமல் கூரை இறங்கிக் கிடக்கின்றன. திலக் பாஸின் கொட்டகை இருந்த இடத்தை எனக்கு அடையாளம் காட்டத் தெரியவில்லை. எங்கள் கார் யார் கையில், எந்த ஊரில் இருக்கிறது, இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

போன மாதம் அம்மாவைக் கண் காட்டுவதற்காக டிக்கோயாவுக்கு ஓட்டோவில் கூட்டிப்போனேன். ஓட்டிய பையனுக்கு இருபது வயதுக்குமேல் இராது. இறக்கத்தில் எரிபொருளை மிச்சம்பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருள விட்டான். அம்மா முன்னால் சாய்ந்து அவன் தோளைத் தட்டினாள்.

"தம்பி, கியர்ல போ."

பையன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "என்ன பாட்டி, வண்டி ஓட்டத் தெரியுமா?"

"கொஞ்ச காலம் ஓட்டினேன்."

"நெசமாவா? அந்தக் காலத்துல பொம்பளைங்க ஓட்டுவாங்களா?"

அம்மா சால்வையைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"அப்ப வேற ஆள் இல்ல, தம்பி" என்றாள்.

பையன் கியரைப் போட்டான். வண்டி நிதானமாக இறங்கியது.